ஆறாம் வகுப்புக்கு ஒரு பிள்ளை குறைகிறது

ஜம்பு தோட்டம்,
தைப்பிங், மலாயா.
12.1.1963

ஐயாவுக்கு,

விமலேஸ்வரி எழுதுகிறேன். இதை உங்களுக்கு யார் வாசித்துக் காட்டுவார்களோ தெரியாது. யாராக இருந்தாலும் ஒன்றும் விடாமல் வாசிக்கவேண்டும். ஐயா இடையில் எழும்பிப் போனால் பின்னால் போய் வாசியுங்கள். அவர் எழும்பிப் போவார்.

நாலு வருடமாக எனக்கு நீங்கள் கடிதம் போடவில்லை. சுழிபுரத்து வீட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டு, அரசாங்கம் கொடுக்கிற காணிக்காக நீங்கள் வன்னிக் காட்டுக்குப் போனபோது, இந்த வயதில் கையேந்திக் காணி வாங்கவேண்டுமா என்று எழுதினேன். அதை இன்றும் திருப்பி எடுக்கவில்லை. ஆனால் இப்போது எனக்கு உங்களைவிட வேறு ஆள் இல்லை.

என் மகள் நேசமலர் சோதனையில் தவறிவிட்டாள். இந்த நாட்டில் ஆறாம் வகுப்பு முடிகிறபோது அரசாங்கம் ஒரு சோதனை வைக்கிறது. தேறினவர்களுக்குத்தான் மேல் பள்ளிக்கூடத்தில் இடம். தேறாவிட்டால் பன்னிரண்டு வயதோடு சரி. இரண்டாம் தரம் எழுத விடமாட்டார்கள். மகன் பாலனை இவர் பட்டணத்து விடுதியில் விட்டு இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். பெட்டைக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடமே காணும் என்று விட்டுவிட்டார். அங்கே ஒரு வாத்தியார் ஆறு வகுப்பையும் ஒரு அறைக்குள் வைத்துப் பார்க்கிறார். பிறகு, தவறிவிட்டாள் என்று அவளையே ஏசுகிறார்.

பெறுபேறு வந்த அடுத்த திங்கட்கிழமை அவள் உடுத்துக்கொண்டு, தலையை இழுத்துப் பின்னிக்கொண்டு, பட்டணத்துக்குப் போகும் லொறியில் ஏறிவிட்டாள். பள்ளிக்கூட வாசலில் காவல்காரன் மறித்திருக்கிறான். பெயர் இல்லை என்றானாம். மத்தியானம்வரை அந்த வாசலிலேயே நின்றிருக்கிறாள். அன்று தொடக்கம் வீட்டில் வாய் திறக்கிறதில்லை. இவர் தையல் மெசின் வாங்கித் தருகிறாராம்.

இலங்கையில் பாலர் வகுப்பு தொடக்கம் பல்கலைக்கழகம்வரை படிப்பு இலவசம், தவறினாலும் அதே வகுப்பில் இருந்து படிக்கலாம் என்று எங்கள் தோட்டத்து மருந்துக்காரர் அப்புத்துரை அண்ணை சொல்கிறார். அவரும் மனைவியும் வேலையில் இருந்து இளைப்பாறிச் சித்திரையில் ஊருக்குக் கப்பல் ஏறுகிறார்கள். அவர்களோடு நேசமலரை உங்களிடம் அனுப்பட்டுமா?

தம்பியிடம் அனுப்பலாமே என்று கேட்பீர்கள். கேட்டேன். வீட்டில் இடமில்லையாம்.

விமலேஸ்வரி


முத்தையன்கட்டுக் கொலனி,
ஒட்டுசுட்டான்.
2.2.1963

மகள் விமலேஸ்வரிக்கு வீரகத்தி எழுதுவிப்பது.

எழுதுகிறவர் கிறகோரி. முல்லைத்தீவுக் கரையில் இருந்து சனிக்கிழமைகளில் சைக்கிளில் கருவாடு கொண்டு வருகிறவர். பாதிரிமாரின் பள்ளிக்கூடத்தில் படித்தவர். எழுத்து முத்துப்போல என்று சொல்கிறார்கள். நான் அதை எப்படி அறிவது. உன் கடிதத்தை அவர்தான் வாசித்தார். நீ சொன்னபடியே நான் எழும்பிப் போனேன். நீ சொன்னபடியே அவரும் பின்னால் வந்து, மாட்டுப்பட்டிவரைக்கும் வாசித்துக்கொண்டு வந்தார்.

அந்தப் பழைய கடிதம் ஆடி அமாவாசைக்கு முதல்நாள் வந்தது. ஒருதரம்தான் வாசித்துக் கேட்டேன். இன்றைக்கும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொல்லுவேன். "கையேந்தி" என்பது மூன்றாவது வரி. எனக்கு ஆரும் காணியைக் கையில் வைக்கவில்லை. முதிரை மரமும் பாலை மரமும் நின்ற நிலத்தை நான் வெட்டி, எரித்து, வேர் கிளறி, வயலாக்கினேன். உன் புருசன் வெள்ளைக்காரன் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி. அவரின் கை எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று நான் கேட்டேனா?

"அப்பு, கோபத்தை மெல்லச் சொல்லுங்கோ, பேனை ஓடேல்லை" என்கிறார் கிறகோரி.

சரி. பிள்ளையை அனுப்பாதே.

படிப்புச் சும்மா என்பது உண்மை. இந்த நாட்டில் ஒரு வாசலிலும் பிள்ளையை மறிக்க ஆளில்லை. ஆனால் வாசலுக்கு நாங்கள் எங்கே போவது? இங்கே இருக்கிறது ஒரு கொட்டில். காட்டுத்தடி வெட்டி, கிடுகு வேய்ந்து, நாங்களே போட்டது. அதில் ஐந்தாம் வகுப்புவரைதான். தவராசா மாஸ்டரும் இன்னொரு உபாத்தியாயரும் படிப்பிக்கிறார்கள். மேலே படிக்க முள்ளியவளைக்குப் போகவேண்டும். பன்னிரண்டு கட்டை தூரம். பஸ் ஒட்டுசுட்டானோடு திரும்பிவிடும். இடையில் காடு. போன மாதம் யானை வந்து நாலு வீட்டுக் கூரையைப் பிரித்தது. ஐந்து முடித்த பிள்ளைகள் எல்லாம் இப்போது வயலில் தகரம் தட்டிக் கிளி கலைக்கிறார்கள்.

கல்விக் கந்தோர் இன்ஸ்பெக்டரிடம் நானும் மாஸ்டரும் மூன்றுதரம் போனோம். பதினைந்து பிள்ளை இருந்தால் ஆறாம் வகுப்புத் திறக்கலாம், ஒரு வாத்தியாரும் தரலாம் என்றார். எங்களிடம் பதினாலு.

"துரை, பதினாலு பிள்ளையளுக்குத் தலை இல்லையோ?" என்று கேட்டேன்.

"தலை இருக்கு. ஒண்டு குறையுது" என்றார்.

அதோடு வந்துவிட்டோம். உன் பிள்ளை இங்கே வந்தால் அதுவும் கிளிதான் கலைக்கும். அதற்குக் கப்பல் ஏறத் தேவையில்லை.

வீரகத்தி
(பெருவிரல் அடையாளம். பக்கத்தில் உள்ள கறை மீன் எண்ணெய், மன்னிக்கவும். கிறகோரி.)


ஜம்பு தோட்டம்
24.2.1963

ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான் இரண்டுதரம் வாசித்தேன். முதலாம் தரம் அழுதேன். இரண்டாம் தரம் உங்கள் கணக்கைப் பார்த்தேன்.

பதினாலு பிள்ளை இருக்கிறது, ஒன்று குறைகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒன்று என்னிடம் இருக்கிறது. அவளைத்தான் அனுப்பவேண்டாம் என்கிறீர்கள். என்மேல் உள்ள கோபம் உங்களுக்கு அவ்வளவு பெரிதா? பதினாலு பேரையும் கிளி கலைக்க விட்டாலும் பரவாயில்லை, விமலேஸ்வரியின் பிள்ளை வரக்கூடாது என்றா?

இவரிடம் பாஸ்போட்டில் கையெழுத்து வாங்கிவிட்டேன். எப்படி வாங்கினேன் என்று கேட்கவேண்டாம். "இலங்கை போய் அவளுக்குக் கொம்பா முளைக்கப் போகுது?" என்றார். "கொம்பு முளைச்சா உங்களுக்குத் தந்தி அடிப்பா" என்றேன். ஒரு கிழமை என் கையால் சாப்பிடவில்லை. இவருக்குச் சமைப்பது நான்தான் என்பதால், எட்டாம் நாள் சாப்பிட்டார்.

சித்திரை முடிவில் கொழும்பில் இறங்குவார்கள். அப்புத்துரை அண்ணை மாங்குளம் ஸ்டேசன்வரை கூட்டிவருவார். வந்து நில்லுங்கள். நிற்காவிட்டால் அவள் ஸ்டேசன் வாசலில் நிற்பாள். நின்று அவளுக்குப் பழக்கம்.

விமலேஸ்வரி


முத்தையன்கட்டு
29.6.1963

மகள் விமலேஸ்வரிக்கு,

நீ வாய்க்காரி. அது எந்தப் பக்கத்தால் வந்தது என்று எனக்குத் தெரியும்.

மாங்குளத்தில் நான் விடியத் தொடக்கம் நின்றேன். ரயில் பிந்தி வந்தது. பிள்ளை இறங்கி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கள்தானோ அப்பு? அம்மா சொன்னதிலும் பாக்கக் கறுப்பு" என்றாள். முதல் கதை அதுதான். வீட்டில் வாய் திறக்கிறதில்லை என்று நீ எழுதியிருந்தாய். ஒட்டுசுட்டான்வரை பஸ்ஸில் எனக்குக் காது வலித்தது.

அவள் வந்த கிழமையே பதினாலு பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரையும் குளக்கட்டுப் பிள்ளையாரடிக்குக் கூப்பிட்டேன். வகுப்புத் திறந்த பிறகு ஆராவது ஒருவர் பிள்ளையை மறித்தால் எண்ணிக்கை விழும், வகுப்பைப் பூட்டிப்போடுவார்கள். அதற்குப் பேச்சு வார்த்தை உதவாது. கற்பூரம் கொளுத்தினேன். வயலில் நெல்லு அருவி வெட்டு வந்தாலும், கிளி விழுந்தாலும், பெட்டை பெரியபிள்ளையானாலும், எட்டாம் வகுப்பு முடியும்வரை மறிக்கமாட்டோம் என்று ஒவ்வொருவராகக் கற்பூரத்தை அடித்து அணைக்கச் செய்தேன். இங்கே அரசாங்கக் கச்சேரியில் வைத்த கையெழுத்தை மறுப்பார்கள்; அணைத்த கற்பூரத்தை மறுக்கமாட்டார்கள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் தாய், சின்னராசாவின் மனிசி அன்னபாக்கியம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, எல்லாரையும் சத்தியம் பண்ணுவிக்கிறியள். உங்கடை பேத்தி கப்பலிலை வந்தவள். கப்பலிலை திரும்பிப் போகமாட்டாள் எண்டதுக்கு என்ன பிணை?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் அணைத்தேன். பிறகுதான் அவள் அணைத்தாள்.

போன செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். பள்ளிக்கூட வாங்குப் பலகைகளில் பதினைந்து பேர் இருந்தார்கள். விரலால் எண்ணிக்கொண்டு வந்து நேசமலரில் நின்றார்.

"இது ஆர்? போனமுறை காணேல்லை."

"என்ரை மகளின்ரை பிள்ளை, துரை."

"எந்தப் பள்ளிக்கூடத்தாலை வந்தது?"

நான் வாய் திறக்க முதல் இவள் எழும்பி, "மலாயாவிலை, சேர். சோதனையிலை தவறினபடியாலை வெளியிலை விட்டவை" என்றாள்.

மாஸ்டரின் முகம் கரியாகப் போய்விட்டது. கொட்டிலுக்கு வெளியே நின்ற அன்னபாக்கியம், "தவறினதை ஆர் கேட்டது இப்ப?" என்று முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார்.

"அங்கை தவறின பிள்ளையையோ இஞ்சை கணக்குக் காட்டுறியள்?"

"நீங்கள் பதினைஞ்சு பிள்ளை கேட்டியள், துரை. பதினைஞ்சு கெட்டிக்காரர் எண்டு கேக்கேல்லை" என்றேன்.

இன்ஸ்பெக்டர் வெளியே பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு, இந்தக் கிடுகு மாரி மழைக்குத் தாங்குமோ என்று கேட்டார். மாரிக்கு முதல் மாற்றுவோம் என்றோம். அவர் போன பிறகுதான் மாஸ்டர் சொன்னார், கூரையைக் கேட்டால் அனுமதி என்று அர்த்தமாம். அடுத்த திங்கள் புது வாத்தியார் வருகிறார்.

பிள்ளைகள் இவளை "மலாயாக்காரி" என்கிறார்கள். இவள் அதற்குக் கோபிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டாள். கணக்கில் மட்டம்தான்; மாஸ்டர் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று கையை உயர்த்துகிறாளாம். மற்றவர்களும் அதைப் பழகிவிட்டார்கள், தனக்குத் தொண்டை வறள்கிறது என்கிறார்.

உன்மேல் கோபம் இன்னும் இருக்கிறது. அது வேறு.

வீரகத்தி


ஜம்பு தோட்டம்,
தைப்பிங், மலேசியா.
18.11.1964

ஐயாவுக்கு,

இங்கே பெரிய செய்தி. அரசாங்கம் அந்தச் சோதனையை எடுத்துவிட்டது. வருகிற வருடம் தொடக்கம் ஆறாம் வகுப்பு முடித்த எல்லாப் பிள்ளைகளும் மேல் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம். பத்திரிகையில் போட்டிருக்கிறது. இவர் அதை வெட்டி எடுத்துவந்து எனக்குச் சத்தமாக வாசித்தார். "இனி எங்கடை பிள்ளை ஏன் காட்டிலை கிடக்கவேணும்? கூப்பிடு" என்றார். இரண்டு வருடத்தில் அவளை "எங்கடை பிள்ளை" என்று சொன்னது இதுதான் முதல்தரம்.

தை மாதம் இருபத்தேழாம் திகதி கொழும்பிலிருந்து புறப்படும் கப்பலில் அவளுக்கு இடமும் பதிந்துவிட்டார். கொழும்பில் இவரின் சிநேகிதர் வந்து பொறுப்பெடுப்பாராம்.

ஐயா, நான் உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும். சொல்ல வாய் வரவில்லை. அவள் பெரியபிள்ளையானதை நீங்கள்தான் எனக்குக் கடிதத்தில் அறிவித்தீர்கள். தலைக்குத் தண்ணீர் வார்த்தது அன்னபாக்கியம் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதங்களில் வருகிற பெயராகத்தான் அவளை எனக்குத் தெரியும். அவளின் கை எப்படிப்பட்ட கை என்று தெரியாது. தாய் உயிரோடு இருக்க, முகம் தெரியாத ஒருத்தி அந்தத் தண்ணீரை வார்த்தாள். அன்றைக்கு நான் இங்கே கிணற்றடியில் போய்ச் சும்மா நின்றேன்.

வாசல் திறந்துவிட்டதென்றால் அவள் என்னிடம் இருந்து படிக்கட்டும். அனுப்பிவையுங்கள்.

விமலேஸ்வரி


முத்தையன்கட்டு
5.12.1964

மகள் விமலேஸ்வரிக்கு,

கடிதத்தைக் கிறகோரி வாசித்து முடித்து, மடித்து என் கையில் தந்தார். "பெத்தவள் கேக்கிறா அப்பு" என்றார் அவர். "எனக்குக் காது கேக்கும்" என்றேன்.

நான் கற்பூரம் அணைத்தவன். நேசமலர் போனால் பதினாலு. வகுப்பு இப்போது ஏழு முடிந்து, தையில் எட்டாகப் போகிறது. அதற்கு அனுமதி தர இன்ஸ்பெக்டர் தை முடிவில் வருகிறார். சின்னராசாவின் மகளும் இந்த வருடம் பெரியபிள்ளையானாள். மறித்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். முப்பத்தோராம் நாள் தண்ணீர் வார்த்த மறுநாள் அன்னபாக்கியம் தானே கையில் பிடித்துக்கொண்டு வந்து வாங்கில் இருத்தினாள். என்னைப் பார்த்துக்கொண்டே இருத்தினாள். அவளின் முகத்தில் நான் என்னத்தைச் சொல்லி முழிப்பது?

ஆனால் அது என் தலையோடு போகட்டும். சத்தியம் பிழைத்தவன் என்று என்னைச் சொன்னால், இருக்கிற நாளுக்குக் கேட்டுக்கொண்டு இருப்பேன். உன் பிள்ளைக்கு அங்கே நல்லதென்றால் அனுப்புவேன். நான் கேட்பது வேறு.

செய்தியை நேசமலருக்குச் சொன்னேன். துள்ளுவாள் என்று நினைத்தேன். குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, "என்னை எந்த வகுப்பிலை இருத்துவினம் அப்பு?" என்று கேட்டாள்.

அதைப் பற்றி நீயும் எழுதவில்லை. அடுத்த வருடம் போகிறவர்களுக்குத் திறக்கிற கதவு, இரண்டு வருடத்துக்கு முதல் வெளியே தள்ளினவர்களுக்கும் திறக்குமோ? பத்திரிகையில் போட்டது எல்லாப் பிள்ளைகளும் என்று. அந்த "எல்லா"வுக்குள் இவள் இருக்கிறாளோ?

உன் புருசன் சொன்னதாக எனக்கு எழுதாதே. நீ போ. இவள் நின்றாளே, அந்த வாசலுக்கு நீ நேரே போய்க் கேள். ஓம் என்று அவர்கள் வாயால் சொன்னால், நானே கொழும்புவரை கொண்டுவந்து கப்பலில் ஏற்றுகிறேன்.

கெதியாக எழுது. நாள் இல்லை.

வீரகத்தி


முத்தையன்கட்டு
19.1.1965

மகளே,

இதை உன் விலாசத்துக்கு அனுப்பவில்லை. தோட்டத்துக்கு வருகிற தபால் எல்லாம் முதலில் தன் அப்பாவின் மேசைக்குத்தான் வரும், போகிறதும் அந்த மேசையால்தான் என்று நேசமலர் முந்தி ஒருமுறை சொல்லியிருந்தாள். பள்ளிக்கூட வாத்தியாருக்கு மட்டும் நேரே வருமாம். அவர் பெயருக்கு அனுப்புகிறேன். கடவுளே என்று உன் கையில் கிடைக்கவேண்டும்.

மார்கழிக் கடிதத்துக்கு உன்னிடமிருந்து மறுமொழி இல்லை. போன வியாழன் தந்தி வந்தது.

தபாற்கந்தோர்ப் பியோன் சைக்கிளால் இறங்க முதலே அன்னபாக்கியம் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்துவிட்டாள். தந்தி என்றால் இங்கே ஒரே அர்த்தம்தான். பக்கத்து வளவுப் பெண்களும் வந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு குந்திவிட்டார்கள். ஆர் செத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒப்பாரி மட்டும் ஒழுங்காக நடந்தது. இங்கிலீசில் இருந்ததால் தவராசா மாஸ்டரைக் கூட்டிவந்தோம். அவர் வாசித்தார்: "தாய்க்கு நோய் கடுமை. நேசமலரை இருபத்தேழாம் திகதிக் கப்பலில் அனுப்பவும்." கீழே உன் புருசன் நடராசாவின் பெயர்.

பிள்ளை பெட்டியை அடுக்கினாள். நான் சால்வையை எடுத்தேன். ஒட்டுசுட்டான்வரை நடந்தோம். பஸ் வந்தது. இவள் ஏறிவிட்டாள். நான் ஒரு காலை மிதிபலகையில் வைத்துவிட்டு நின்றேன்.

இருபத்தேழாம் திகதி. கார்த்திகையில் நீ எழுதினாயே, அதே கப்பல். இடம் பதிந்தது அப்போது. நோய் வந்தது இப்போது. சாகக் கிடக்கிறவள் பிள்ளையைத் தேடினால், உடனே வா, கிடைத்ததில் ஏறி வா என்றுதானே தந்தி வரும்? முதலே பதிந்து வைத்த கப்பலுக்குப் பொருத்தமாக ஒரு கடுமை வருமோ?

"இறங்கு பிள்ளை" என்றேன்.

"ஏன்?"

"இறங்கு."

"அம்மா சாகக் கிடக்கிறா அப்பு!"

கொண்டக்டர், "ஏறுறியளோ இறங்குறியளோ ஐயா? சனம் நிக்குது" என்றான். நான் பெட்டியை இழுத்துக் கீழே போட்டேன். அவள் இறங்கி, பஸ் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அம்மா செத்துப்போனால் நான் உங்களோடை ஒருநாளும் கதைக்கமாட்டன்" என்றாள். "கதையாதை" என்றேன். திரும்பி வரும்போது பெட்டியை என்னைத் தூக்க விடவில்லை.

அன்றிலிருந்து என் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கவில்லை. அன்னபாக்கியம் வீட்டில் சாப்பிடுகிறாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், கையை உயர்த்துவதில்லையாம். கொலனியில் கதை வேறு மாதிரி. தன்ரை சத்தியத்துக்காக மகளின் கடைசி முகத்தைப் பேத்திக்கு மறைக்கிறான் கிழவன் என்கிறார்கள். அன்னபாக்கியமே வந்து, "அண்ணை, சத்தியம் எண்டது என்னாலை வந்தது. நான் விட்டுத் தாறன், பிள்ளையை அனுப்புங்கோ" என்று அழுதாள்.

நான் எழுத்தறியாதவன். ஒரு திகதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் கணக்குப் பிழைத்திருந்தால், நீ இப்போது இல்லை. இந்தக் கடிதத்தை நான் ஆருக்குச் சொல்லுகிறேன் என்றும் தெரியவில்லை. கிறகோரி எழுதுவதை நிறுத்திவிட்டார். எழுது என்கிறேன்.

இருந்தால் எழுது, மகளே. உன் கையால் எழுது. கோபமாகவே எழுது.

வீரகத்தி


ஜம்பு தோட்டம்
3.2.1965

ஐயா,

இருக்கிறேன். எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. போன மாதம் ஒரு தடிமன்கூட வரவில்லை.

வாத்தியார் உங்கள் கடிதத்தைப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தார். தந்தியைப் பற்றி அதில்தான் அறிந்தேன். உங்கள் மார்கழிக் கடிதம் எனக்குக் கிடைத்தது. இவர் அதை ஏன் தந்தார் என்று தெரியாது, ஒருவேளை லீவில் வந்த பாலன் பக்கத்தில் நின்றதால் இருக்கும். நீங்கள் சொன்னபடியே போனேன். வந்து உங்களுக்கு எழுதி, தபாலில் போடச் சொல்லி இவரிடம் கொடுத்தேன். அதை இவர் போடவில்லை. ஆகையால் திரும்ப எழுதுகிறேன். இது வாத்தியார் கையால் வருகிறது.

பட்டணத்துக்குத் தனியாகப் பஸ்ஸில் போனேன். அந்த வாசலில் ஒரு வரிசை நின்றது. தோட்டத்துப் பெண்கள், ரப்பர்ப் பால்மரம் சீவி முடித்த கையோடு வந்தவர்கள். பக்கத்தில் பிள்ளைகள். சிலர் மீசை அரும்பின பொடியன்கள். அவர்களும் பத்திரிகைச் செய்தியைக் கேட்டு வந்தவர்கள்தான். கந்தோர் யன்னலில் இருந்த தமிழ்க் கிளாக்கர் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டார்: "எந்த வருஷம் ஆறு முடிச்சது?" போன வருடம் என்றால் ஒரு பக்கம். அதற்கு முந்தியது என்றால், "அவுங்களுக்கு இல்லைம்மா. இனிமே வர்றவங்களுக்குத்தான். போங்க."

எனக்கும் அதையே சொன்னார். அறுபத்திரண்டு என்றேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எனக்கு முன்னால் நின்ற பெண் போகாமல் நின்றாள். "அப்ப இவனை எங்கதாங்க சேக்குறது?" என்று கேட்டாள். கிளாக்கர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஐயா, அவளுக்குக் கப்பல் ஏற்றி அனுப்ப வேறு நாடு இல்லை. அங்கே ஒரு கொட்டிலும் இல்லை, பதினைந்தாவது ஆளாகக் கணக்குக் காட்ட ஒரு கிழவனும் இல்லை. மகனைக் கூட்டிக்கொண்டு திரும்பித் தோட்டத்துக்கே போனாள். நான் அவளோடு ஒரே பஸ்ஸில் வந்தேன்.

இவருக்கு இது முதலே தெரியும். கிராணிக்குத் தெரியாத சட்டமா? நேற்று உங்கள் கடிதத்தை மேசையில் போட்டுவிட்டுக் கேட்டேன். பக்கத்துத் தோட்டத்துக் கிராணியின் மகனுக்குப் பேசி வைத்திருக்கிறாராம். மாசியில் பெண் பார்க்க வருவதாக இருந்ததாம்.

"பதினாலு வயசுப் பிள்ளைக்கோ?" என்றேன்.

"இப்ப பேசி வைச்சால் பதினாறிலை முடிக்கலாம். அங்கை வைச்சிருந்து என்ன செய்யப் போறாய்? டொக்டராக்கப் போறியோ?"

"எட்டாம் வகுப்பாக்கப் போறன்."

"நல்ல பகிடி."

"என்னைச் சாகடிச்சுத் தந்தி அடிச்சியளே, அதைவிடவோ?"

கையை ஓங்கினார். அடிக்கவில்லை. குசினிக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. இங்கே இருக்கப்போவது நான்தான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கிறகோரி அண்ணையிடம் கொடுக்கவேண்டாம். நேசமலரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். என் எழுத்து அவளுக்குத் தெரியும். நான் உயிரோடு இருக்கிறேன் என்று அவளே உங்களுக்கு வாசித்துச் சொல்லட்டும்.

நேசமலர், இது உனக்கு. அப்பு உன் பெட்டியைப் பஸ்ஸால் இழுத்துப் போட்டது சரி. நானாக இருந்தால் எனக்கு அந்தத் துணிவு வந்திருக்காது. போய் அவர் கையால் சாப்பிடு. வகுப்பில் கையை உயர்த்து.

ஐயா, கடைசியாக ஒன்று. அவளுக்கு வாசிக்கக் கடினமாக இருக்கும், இருந்தாலும் வாசிக்கட்டும். இவர் இத்தோடு விடமாட்டார். இனியும் தந்தி வரும். எனக்குக் கடுமை என்று வரும், செத்துவிட்டேன் என்றும் வரும். எது வந்தாலும் அவளை அனுப்பவேண்டாம். எந்தத் திகதியையும் பார்த்துக் கணக்குப் போடவேண்டாம். அது உண்மையாகவே இருந்தாலும் அனுப்பவேண்டாம். அவளை வாங்கில் இருத்தி வையுங்கள். எட்டு முடித்து, மேலே எவ்வளவு தூரம் இலவசமோ அவ்வளவு தூரமும் அவள் போகட்டும். எனக்காக அழுவதற்கு அதற்குப் பிறகு நேரம் இருக்கிறது.

விமலேஸ்வரி